கோளாறு விமானத்தில்... வேலை போவது யாருக்கு? போயிங் ஊழியர்களின் அச்சம் சொல்வது என்ன?

ஒரு நிறுவனத்தின் தயாரிப்பில் பெரிய கோளாறு வந்தால் முதலில் பங்கு விலை சரியும். அடுத்து ஊழியர்கள் மத்தியில் ஒரு கேள்வி எழும்: "நம்ம வேலை இருக்குமா?" அமெரிக்க விமானத் தயாரிப்பு நிறுவனமான போயிங்கில் கடந்த சில ஆண்டுகளாக இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது.

எங்கே ஆரம்பித்தது?

2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் உயிரிழந்தனர். ஒரே ஒரு சென்சார் தந்த தவறான தகவலை நம்பி, விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிய எம்கேஸ் என்ற மென்பொருள்தான் இதில் முக்கியக் காரணம். உலகம் முழுவதும் மேக்ஸ் விமானங்கள் தரையிறக்கப்பட்டன. 2020 ஜனவரியில் உற்பத்தியே நின்றது.

முதல் அடி யாருக்கு?

உற்பத்தி நின்றாலும் ஆட்குறைப்பு இல்லை என்று போயிங் அப்போது சொன்னது. ஆனா அடி விழுந்தது வேறு இடத்தில். கன்சாஸ் மாநிலம் விசிட்டாவில் 737-இன் உடற்பகுதியைத் தயாரித்த ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ், அதே மாதம் சுமார் 2,800 பேரை வேலையில் இருந்து நீக்குவதாக அறிவித்தது. அந்த மென்பொருளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. அதே நேரத்தில், பதவி நீக்கப்பட்ட போயிங் தலைமைச் செயல் அதிகாரி டென்னிஸ் மியூலன்பர்க் பங்குகள், ஓய்வூதியப் பலன்கள் என 6.2 கோடி டாலர் மதிப்புள்ள தொகையுடன் வெளியேறினார்.

2024-இல் என்ன ஆச்சு?

ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ் விமானத்தின் கதவு அடைப்பு நடுவானில் பெயர்ந்து விழுந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகள் பொருத்தப்படவே இல்லை. உடனே, மாதம் 38 மேக்ஸ் விமானங்களுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என எஃப்ஏஏ கட்டுப்பாடு விதித்தது. சுனிதா வில்லியம்ஸை விண்வெளிக்கு அழைத்துச் சென்ற ஸ்டார்லைனர், கோளாறு காரணமாக அவர் இல்லாமலேயே செப்டம்பரில் பூமி திரும்பியது. அதே மாதம் 33,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

விமானத்தை ஒப்படைக்கும்போதுதான் விலையின் பெரும்பகுதி கைக்கு வரும். ஒப்படைப்பு குறைந்தால் பணவரவும் குறையும். அக்டோபர் 11 அன்று, மொத்த ஊழியர்களில் 10 சதவீதம், அதாவது சுமார் 17,000 பேர் குறைக்கப்படுவார்கள் என புதிய தலைமைச் செயல் அதிகாரி கெல்லி ஆர்ட்பெர்க் அறிவித்தார். அந்த ஆண்டு நிறுவனத்தின் நஷ்டம் சுமார் 1,180 கோடி டாலர்.

ஊழியர்களுக்கு என்ன பாதுகாப்பு?

அமெரிக்காவின் வார்ன் சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பெருமளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும். அதனால்தான் நவம்பரில் நோட்டீஸ் பெற்றவர்கள் ஜனவரி வரை சம்பளப் பட்டியலில் இருந்தனர். பணிபுரிந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம், 3 மாதங்கள் வரை மருத்துவக் காப்பீட்டு உதவி ஆகியவையும் தரப்பட்டன. போயிங்கின் பொறியியல் மையங்கள் பெங்களூருவிலும் சென்னையிலும் உள்ளன. இதில் பெங்களூருவில் சுமார் 180 பேர் வேலை இழந்ததாக 2025 மார்ச்சில் செய்தி வெளியானது.

பயணிகளுக்கும் இதில் என்ன கவலை?

கதவு அடைப்பு விபத்தை விசாரித்த அமெரிக்க தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தொழிற்சாலை ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் வழிகாட்டுதலும் மேற்பார்வையும் தரப்படாததே காரணம் என்று 2025 ஜூனில் சொன்னது. அப்படின்னா, செலவைக் குறைக்க அனுபவசாலிகளை அனுப்பிவிட்டால் புதியவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? 2025 அக்டோபரில் உற்பத்தி வரம்பு மாதம் 42 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. கூடுதல் விமானங்களைக் கட்ட, போல்ட்டைச் சரியாக முடுக்கத் தெரிந்த கைகளும் கூடுதலாகத் தேவை.