முகப்பும் கிட்டங்கியும்: செட்டிநாட்டு வீட்டை வாசித்தல்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் சாமான் பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. சுற்றுலாக் கையேடு இதைத்தான் சொல்கிறது. சினிமாக்காரர்கள் இதைத்தான் படம் பிடிக்கிறார்கள். வீட்டுக்காரர்களும் வந்தவர்களிடம் இதையேதான் ஒப்பிக்கிறார்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சரி. எதற்கு ஈடாக வந்தது என்ற கேள்வி மட்டும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி விடப்படுகிறது.

நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள், இன்று எழுபத்துச் சொச்சம். அதில் ஒன்றான நாச்சியாபுரத்தின் பழைய தெருவில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அழகல்ல, நீளம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று வீடு உள்வாங்கிக்கொண்டே போகிறது. வளவைச் சுற்றிலும் சிறு அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனை 'வேறு வைப்பார்கள்'. ஒரே கூரை, ஒரே வளவு, ஆனால் உலை தனி, செலவு தனி, அறைச் சாவி தனி. அந்தத் தம்பதி ஊர்க்கணக்கில் ஒரு 'புள்ளி' ஆகிறார்கள். கோவில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் விழும். கூட்டுக் குடும்பத்தின் கோட்டை என்று நாம் புல்லரித்துக்கொள்ளும் இந்த வீடு, உள்ளே பார்த்தால் தனித்தனிப் பேரேடுகளை வரிசையாக அடுக்கி வைத்த அலமாரி. கூட்டும் தனியும் ஒன்றையொன்று விழுங்காமல் எப்படி ஒரே சுவருக்குள் இருப்பது என்பதற்கு வியாபாரிகள் கண்ட விடை இந்த வரைபடம். இதில் ஒரு பெரிய சாமர்த்தியம் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் 'ராயல் கிரெசன்ட்' என்ற பிறை வடிவ வீட்டு வரிசை இருக்கிறது. 1767ல் தொடங்கிச் சில ஆண்டுகளில் கட்டியது. ஒட்டுச்சுவர் வைத்த 30 வீடுகள். முகப்பு முழுவதையும் இளைய ஜான் வுட் என்ற ஒரே கட்டடக்கலைஞர் வரைந்தார். முகப்பில் இத்தனை அடி என்று வாங்கியவர்கள் பின்னால் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே மாளிகை, பின்பக்கம் போனால் ஆளுக்கொரு உயரம். நம் ஊர் இதற்கு நேர்த் தலைகீழ். உள்வரைபடம் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். முகப்பில்தான் போட்டி. ஒருவன் லட்சுமியை வைத்தால் அடுத்தவன் லட்சுமியோடு தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாயையும் சுதையில் வைப்பான். வெள்ளைக்கார மேட்டுக்குடி ஒன்றுபோலத் தெரிவதில் பெருமை கண்டது. நம் செட்டியார் உள்ளே சாதிக் கட்டுப்பாட்டின் ஒரே அச்சில் வாழ்ந்துகொண்டு வாசலில் மட்டும் தனிமனிதனாகிறார். நம்மூர் 'நவீனம்' எங்கே தொடங்கி எத்தனை அடி ஆழத்தில் நின்றுபோனது என்பதை இந்த முகப்பிலேயே படிக்கலாம்.

உயரமான அடித்தளத்துக்குக் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையைக் காரணம் சொல்வார்கள். கண்மாயும் ஊருணியும் வற்றிக் கிடக்கிற பூமியில் கடலுக்குப் பயந்து படி ஏற்றினார்களாம்! படி எதற்கென்று படியில் ஏறாதவரைக் கேட்க வேண்டும். திண்ணை வரை யார், பட்டாலை வரை யார், பின் தெரு வழியாகவே வந்து போகிறவர் யார் என்பதை எழுத்தில்லாமல் எழுதி வைத்தது அந்தப் படிதான். பெண்களுக்கு வளவும் இரண்டாம் கட்டும். வெயில் மேலிருந்து வரும், தெரு வராது.

இந்த வீட்டைப் பாதி வீடு என்றே சொல்வேன். மறுபாதி கடலுக்கு அப்பால் இருந்தது, அதன் பெயர் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் இருந்த செட்டியார் கிட்டங்கிகள் ஒட்டுச்சுவர் வைத்த குறுகலான வரிசை வீடுகள். ஒரு கிட்டங்கிக்குள் பல கடைகள். கடை என்றால் ஒரு கைப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஓர் இரும்புப் பெட்டகம். பகலில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிய அதே பலகைத் தரையில் ராத்திரி பாய் விரித்துப் படுக்க வேண்டும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று ஆண்கள் மட்டும். மூன்று வருஷத் தவணை முடிந்தால்தான் ஊர்ப்பயணம். ப. சிங்காரம் தன் இரண்டு நாவல்களிலும் இந்த உலகத்தைத் தொட்டு எழுதியிருக்கிறார்.

ஆக, ஆள் படுக்கும் அகலத்தில் சம்பாதித்த பணம் இங்கே வந்து தெருவுக்குத் தெரு நீண்டிருக்கிறது. அங்கே ஆண்கள் நெருங்கிக் கிடந்தார்கள். இங்கே பெண்கள் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிட்டங்கி இல்லாமல் வளவு இல்லை.

பணம் எவ்விதம் வந்தது? சூயஸ் கால்வாய் 1869ல் திறந்த பின் கீழ்ப்பர்மாவின் சதுப்பு நிலம் உலகச் சந்தைக்கான நெல்வயலாக மாறிற்று. காடு வெட்டிய பர்மிய விவசாயிக்கு ஐரோப்பிய பாங்குகள் நேரே கடன் தரவில்லை. செட்டியார் தந்தார். இதைச் 'சுரண்டல்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம். அந்தக் கடன் இல்லாமல் அந்த வயல் இல்லை. ஆனால் 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்ததும் நடந்தது வேறு. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938ல் 25 சதவீதம். எட்டே வருஷத்தில் கால்வாசி. நிலத்தை வாங்க வேண்டும் என்று அவர்கள் அலைந்ததாகச் சொல்ல முடியாது, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். கடன் திரும்பாதபோது அடமானம் நிலமாக வந்து விழுந்தது. இழந்தவனுக்கு இந்த நுட்பமெல்லாம் எதற்கு? 1942ல் ஜப்பானியர் வந்தார்கள், 1948ல் நில தேசியமயச் சட்டம் வந்தது, 1960களில் நெ வின் ஆட்சி மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. எல்லாம் போய் வீடுகள் மட்டும் மிஞ்சின.

இப்போது 'பாதுகாப்பு' பற்றிப் பேச்சு நடக்கிறது. 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றன. 2012ல் சட்டசபையில் நிறைவேறிய மரபு ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. இங்கிலாந்தில் 1947லிருந்து தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள், பட்டியலில் ஏறிய வீட்டை அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம். இங்கே அனுமதி கேட்க ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை. ஒரு வீட்டுக்குப் பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்காளிகள் பத்து, ஐம்பது, சில இடத்தில் நூறைத் தாண்டும். ஓடு மாற்ற ஒருவர் காசு போட்டால் மற்றவர் ஏன்னு கேட்கிறார். கூட்டையும் தனியையும் அவ்வளவு நயமாகச் சமன் செய்த அதே புள்ளிக் கணக்குதான் இன்றைக்கு வீட்டைக் கீழே இறக்குகிறது. எல்லோரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் விற்பனை. தூண், நிலை, கதவு என்று பிரித்து எடுத்தது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறது, அங்கிருந்து எங்கோ ஒரு நட்சத்திர ஓட்டல் வரவேற்பறைக்குப் போய்விடுகிறது.

வீடுகளை இடியுங்கள் என்று சில தோழர்கள் சொல்லக்கூடும், நிலப்பிரபுத்துவச் சின்னமாம். முதலில், இவர்கள் நிலப்பிரபுக்கள் அல்ல, வட்டி வியாபாரிகள். இரண்டாவது, இடித்துவிட்டால் சாட்சியும் போகும். எதைப் பாதுகாப்பது என்பதில்தான் சண்டை போட வேண்டும். பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் 2020ல், தன் வசமிருக்கும் 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடும் காலனியத்தோடும் உள்ள தொடர்பை அறிக்கையாகவே வெளியிட்டது. பெரிய கூச்சல் எழுந்தது, அறிக்கை நின்றது. நம்மிடம் அதற்கான ஆவணம் குறைவில்லை. பட்டாலையை ஒட்டிய அறைகளில் பேரேடு, குறிப்பேடு, அடமானப் பத்திரம், கல்யாணச் சீர்ப் பட்டியல் எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எந்தக் கிட்டங்கியிலிருந்து எந்த மாதம் எவ்வளவு வந்தது, கொத்தனுக்கும் சித்தாளுக்கும் கூலி எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். தூணுக்கு ஏலம் கேட்க ஆள் வருகிறது. பேரேட்டை எடைக்கு எடை பழைய பேப்பர்காரரிடம் போடுகிறார்கள்.