யாரும் வாக்களிக்காத நாற்காலி

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம். லண்டனில் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வழக்கின் நடுவே நீதிமன்ற அறை பள்ளிப் பிள்ளைகளிடம் விடப்படுகிறது. சம்மர்ஹில் பள்ளி மாணவர்கள் அங்கேயே உட்கார்ந்து தங்கள் வழக்கமான கூட்டத்தை நடத்துகிறார்கள். அரசுத் தரப்போடு எட்டப்பட்ட சமரசத்தை ஏற்பதா வேண்டாமா என்று பேசிக் கையைத் தூக்கி வாக்களிக்கிறார்கள். ஏற்கலாம் என்று முடிவாகிறது. வழக்கும் முடிகிறது.

மாற்றுக்கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சம்பவத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். எனக்கு அதில் வேறொன்று உறுத்தும். அந்தப் பிள்ளைகளின் தலைமையாசிரியர் ஸோயி ரெட்ஹெட், பள்ளியை நிறுவிய ஏ. எஸ். நீலின் மகள். அவருக்கு முன் பள்ளியை நடத்தியவர் அவருடைய அம்மா. அடுத்த தலைமுறையில் நிர்வாகத்துக்குள் வந்தவர் அவருடைய மகன் ஹென்றி. 1921இல் தொடங்கி நூறாண்டுகளைக் கடந்துவிட்ட, குழந்தைகள் ஜனநாயகத்துக்கு உதாரணமாக உலகமே காட்டும் ஒரு விடுதிப்பள்ளி ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்குவது என்பதற்கு ஓட்டு உண்டு. தலைமை நாற்காலியில் யார் உட்காருவது என்பதற்கு இல்லை. அப்புறம் இதுல என்ன ஜனநாயகம்?

கேள்வி எளிமையானதுதான். பதில் அவ்வளவு எளிமையாக இல்லை.

நீலின் கதையே ஒரு வாரிசுக் கதையாகத்தான் தொடங்குகிறது. 1883இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபாரில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் நீல், கிங்ஸ்மியூர் கிராமப் பள்ளியின் தலைமையாசிரியர். தோல்வாரால் அடித்துப் பாடம் நடத்திய தலைமுறை. படிப்பில் சோபிக்காத இந்த மகனைப் பெரிய பள்ளிக்கு அனுப்பாமல் 14 வயதில் குமாஸ்தா வேலைக்கு அனுப்பினார்கள். அதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் அப்பாவின் பள்ளியிலேயே மாணவ ஆசிரியராக உட்காரவைத்தார்கள். அதாவது, நீல் ஆசிரியரானது ஏதோ அழைப்பு வந்து அல்ல. குடும்பத் தொழில் என்பதால். அங்கே கற்றுக்கொண்டதில் தோல்வாரும் அடக்கம். பிற்பாடு அவர் கட்டியதெல்லாம் அந்த வகுப்பறைக்கு எதிரானதுதான்.

1921இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே ஹெல்லராவில் பள்ளி தொடங்கியது. அங்கே அரசியல் கலவரம். ஆஸ்திரியாவின் ஸொன்டாக்பெர்க் மலைக்குப் போனார்கள். அந்த ஊர் மக்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. பிறகு இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ். அங்கே வாடகைக்குக் கிடைத்த வீட்டின் பெயர்தான் சம்மர்ஹில். பிள்ளைகள் 5 பேர். 1927இல் சஃபோக் மாவட்டத்தின் லெய்ஸ்டன் ஊருக்கு மாறியது, பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கதையில் எல்லோரும் நீலைப் பற்றியே எழுதுவார்கள். பள்ளியை உண்மையில் ஓட்டியவர் முதல் மனைவி லிலியன். ஆஸ்திரேலிய நாவலாசிரியர் ஹென்றி ஹேண்டல் ரிச்சர்ட்சனின் தங்கை அவர். விடுதி, சாப்பாடு, பெற்றோரோடு பேச்சு எல்லாம் அவர் பொறுப்பு. போர்க்காலத்தில் பள்ளி வேல்ஸுக்கு இடம்பெயர்ந்திருந்தபோது, 1944இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நீல் ஈனாவை மணந்தார். 1946இல் ஸோயி பிறந்தார். அப்போது நீலுக்கு 63 வயது.

சம்மர்ஹில்லில் வகுப்புக்குப் போவது பிள்ளையின் விருப்பம். பொதுவாழ்க்கை விதிகளை வாராந்தரக் கூட்டம் முடிவுசெய்யும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, நீலுக்கும் ஒரு ஓட்டு. நீல் கொண்டுவந்த தீர்மானங்களே தோற்றிருக்கின்றன. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாதது, கூட்டத்தின் எல்லை. ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் நீல். யாரைச் சேர்ப்பது, கட்டணம் எவ்வளவு என்பதும் பிள்ளைகள் கையில் இல்லை. சமையல் பட்டியலும் படுக்கையறை ஒதுக்கீடும் மனைவியின் பொறுப்பு. இதை நீல் மறைக்கவில்லை, தானே எழுதியிருக்கிறார். கூரை ஒழுகினால் பார்ப்பதும் கடைக்காரருக்குப் பணம் கட்டுவதும் பெரியவர்கள் சுமை, பிள்ளைகள் தலையில் அதை ஏன் ஏற்ற வேண்டும் என்பது அவர் நியாயம்.

ஆக, அங்கே இரண்டு ஆட்சி நடந்தது. அன்றாடம் பிள்ளைகளுடையது. நிலமும் பணமும் சட்டப்பொறுப்பும் குடும்பத்துடையது. நீல் உயிரோடு இருந்தவரை இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் அவரே நின்றார்.

1960வாக்கில் பள்ளி கிட்டத்தட்ட மூடும் நிலை. சுமார் 25 பிள்ளைகள்தான். அந்த ஆண்டு அமெரிக்காவில் எரிக் ஃப்ரோமின் முன்னுரையோடு ‘சம்மர்ஹில்’ நூல் வெளிவந்தது. லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்கப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள், பார்வையாளர்களும் குவிந்தார்கள். ஒரு புத்தகம் பள்ளியைக் காப்பாற்றியது. கூடவே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது: நீல்தான் சம்மர்ஹில் என்று உலகம் முடிவுகட்டிவிட்டது. அப்படியானால் நீல் போன பிறகு? பள்ளி நிலைப்பது பெரிய விஷயமல்ல, அந்தக் கருத்து நிலைப்பதே முக்கியம் என்ற பொருளில் அவர் எழுதினார். துறவி பேசுவதுபோல இருக்கிறது. ஆனால் ஏதாவது ஒரு பிள்ளை நாளைக் காலை எழுந்து போவதற்கு ஒரு கட்டடம் வேண்டுமே.

1973 செப்டம்பரில் நீல் இறந்தார். ஈனா 12 ஆண்டுகள் நடத்தினார். 1985இல் ஸோயி பொறுப்பேற்றார். அவர் கல்வியியல் அறிஞர் அல்லர். அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, விவசாயி ஒருவரை மணந்தவர். ஆனால் இன்னொரு விதத்தில் அவர் சாதாரண வாரிசு அல்லர். 1953இல் நீல் எழுதிய ‘சுதந்திரக் குழந்தை’ என்ற நூலில் ஸோயியின் வளர்ப்பும் ஒரு பொருள். அடிக்காமல், பயமுறுத்தாமல் வளர்த்தால் ஒரு குழந்தை எப்படி வரும் என்பதற்கு அவரே உதாரணம். அப்பாவின் கருத்துக்குச் சாட்சியாக வளர்ந்தவர் அப்பாவின் நாற்காலிக்கு வந்தார். அந்தச் சுமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தோற்றால் பள்ளி மட்டும் தோற்காது, அவர் வளர்க்கப்பட்ட விதமும் சேர்ந்து தோற்கும்.

குடும்பத்திடம் போகாமல் இருந்திருந்தால்? அதே காலத்தில் தொடங்கிய இரண்டு இடங்களைப் பார்க்கலாம்.

ஒன்று சாந்திநிகேதன். 1901இல் தாகூர் அங்கே தொடங்கிய விடுதிப்பள்ளியிலும் முதலில் 5 பிள்ளைகள்தான். அவர்களில் ஒருவர் தாகூரின் மகன் ரதீந்திரநாத். சம்மர்ஹில் பிறந்த அதே 1921இல் விஸ்வபாரதி முறைப்படி நிறுவப்பட்டது. தனக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கவலை தாகூருக்குக் கடைசிவரை இருந்தது. 1940 பிப்ரவரியில் காந்தி அங்கு வந்து திரும்பும்போது, நிறுவனத்தைத் தன் பாதுகாப்பில் ஏற்கும்படி ஒரு கடிதத்தை அவர் கையில் கொடுத்தார். மகன் பக்கத்திலேயே இருந்து பல ஆண்டுகளாக நிர்வாகத்தைச் சுமந்துகொண்டிருக்கும்போதே, அப்பா காந்தியிடம் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். தாகூர் 1941இல் இறந்தார். 1951இல் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானது. ரதீந்திரநாத் முதல் துணைவேந்தர். இரண்டே ஆண்டில், 1953இல், பதவியை விட்டு டேராடூனுக்குப் போனார். 1961இல், அப்பாவின் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட ஆண்டில், அங்கேயே இறந்தார். இன்று விஸ்வபாரதியின் வேந்தர் இந்தியப் பிரதமர். காலனியப் பள்ளிக்கூடத்தை வெறுத்து மரத்தடியில் தொடங்கிய இடத்துக்குத் துணைவேந்தரை முடிவுசெய்வது தில்லி. நிறுவனம் பிழைத்தது, பணத்துக்கும் வழி பிறந்தது. நிறுவியவரின் பிடிவாதத்துக்கு அங்கே எந்த நாற்காலியும் இல்லை.

இன்னொன்று இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹால். தாகூரோடு ஸ்ரீநிகேதனில் வேலைசெய்த லெனார்ட் எல்ம்ஹர்ஸ்டும் அவருடைய மனைவி டோரதியும் 1926இல் அங்கே பள்ளி தொடங்கினார்கள். டோரதி அமெரிக்காவின் பெரும் பணக்காரக் குடும்பத்தவர். சம்மர்ஹில்லுக்கு எப்போதும் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது: பணம். குடும்பம் பள்ளியைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் அறக்கட்டளையிடம் விட்டது. தலைமையாசிரியர்களை வெளியிலிருந்து நியமித்தார்கள். பார்க்கப்போனால் இதுதான் சரியான முறை. ஆனால் ஒவ்வொரு தலைமையாசிரியரும் தன் பார்வையோடு வந்தார். 1980களில் தலைமையைச் சுற்றிய பிரச்சினை பத்திரிகைகளுக்குத் தீனியானது, பிள்ளைகள் குறைந்தார்கள். அறங்காவலர்களுக்குப் பள்ளி பல வேலைகளில் ஒன்றுதான். 1987இல் மூடினார்கள்.

அரசிடம் போனது உருமாறியது. அறக்கட்டளையிடம் போனது மூடப்பட்டது. குடும்பத்திடம் இருந்தது நிலைத்தது. இதை வைத்து ‘வாரிசுமுறைதான் நல்லது’ என்று முடிவுகட்டினால் அது அசட்டுத்தனம். வாரிசு கையில் போய் நாசமான பள்ளிகளின் பட்டியலை யாரும் எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் சம்மர்ஹில்லில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள 1999க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆஃப்ஸ்டட் ஆய்வாளர்கள் வந்து கடுமையான அறிக்கை கொடுத்தார்கள். கல்வியமைச்சர் டேவிட் பிளங்கெட்டின் துறை குறை அறிவிப்பை அனுப்பியது. அடிப்படைச் சண்டை ஒன்றுதான்: பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் இருக்கலாமா? கட்டாயப்படுத்தச் சொன்னால் பள்ளியை மூடிவிடுவேன் என்றார் ஸோயி. இப்படிச் சொல்ல ஒரு சம்பளத் தலைமையாசிரியரால் முடியுமா? அறங்காவலர் குழு சொல்லுமா? வழக்கறிஞரிடம் கேட்டு, கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வாரத்துக்கு இத்தனை வகுப்பு கட்டாயம் என்று ஒத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் பொறுப்பான நிர்வாகம் என்றும் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு விஷயம். சட்டத்தின் கண்ணில் பிள்ளைகளின் கூட்டம் என்று ஒன்று கிடையாது. அதற்குத் தெரிந்தது பள்ளியின் உரிமையாளர் மட்டும். அறிவிப்பு அவருக்குத்தான், மேல்முறையீட்டு உரிமையும் அவருக்குத்தான். சமரசத்தில் ஸோயி தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலே போதும். அவர் அதைக் கூட்டத்துக்கு விட்டார். அந்த நீதிமன்ற அறையில் பிள்ளைகள் தூக்கிய கைகளுக்குப் பின்னால் இருந்தது இதுதான்: ஓட்டில் வராத ஒருவர், சட்டம் தனக்குக் கொடுத்ததை ஓட்டுக்கு விட்டது. வகுப்புக்குப் போவது விருப்பம் என்பது அப்படியே நின்றது.

சம்மர்ஹில்லின் குடும்ப ஆட்சி தாங்கியதற்குக் காரணம் இரத்தம் அல்ல என்று நினைக்கிறேன். வாரிசுக்குக் கிடைத்த அதிகாரத்தைவிட, எதில் கைவைக்கக் கூடாது என்ற தெளிவு முக்கியமாக இருந்தது. கூட்டம் நீல் இருந்தபோதே பழகியது, நீல் இல்லாமலும் நடந்தது. ஸோயி அந்தக் கூட்டத்தில் பிள்ளையாக உட்கார்ந்து, தன் தீர்மானம் தோற்பதைப் பார்த்து வளர்ந்தவர். வாரிசு என்பதைவிட அதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி.

இதில் ஓட்டையும் இருக்கிறது. இந்த ஏற்பாடு முழுக்க நாற்காலியில் இருப்பவரின் அடக்கத்தை நம்பி நிற்கிறது. அடுத்த வாரிசு கோட்டைத் தாண்டினால் அவரை இறக்குவதற்கு எந்தக் கூட்டத்தாலும் முடியாது. பிள்ளைகளுக்கு எதிராக ஒரு விதி வந்தால் அதைத் தோற்கடிக்கலாம். தலைமையே தவறானால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதைத் தவிர வழி இல்லை. மூன்று தலைமுறை நன்றாக அமைந்தது என்பது நான்காவதுக்கு உத்தரவாதம் ஆகாது.

இதையெல்லாம் மலேசியாவில் உட்கார்ந்து வாசிக்கும்போது நம்முடைய சங்கங்களும் வாசகர் வட்டங்களும் ஞாபகம் வராமல் இருக்காது. ‘எனக்குப் பிறகு யாருங்க இருக்காங்க?’ என்று ஒரே நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்திருப்பவரை நம்மில் பலருக்குத் தெரியும். அவரை மாற்ற வேண்டும் என்று கோபப்படுவோம், அல்லது அவர் மகன் வந்துவிடுவானோ என்று பேசிக்கொள்வோம். இரண்டிலுமே பேச்சு நாற்காலியைச் சுற்றித்தான். அவர் இருக்கும்போதே, அவர் தோற்கக்கூடிய ஒரு கூட்டம் அங்கே நடக்கிறதா என்று முதலில் கேட்கலாம். நடந்தால், அடுத்து வருபவர் மகனா மற்றவரா என்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச முடியும்.