ராக்கெட் விட்டா விவசாயிக்கு என்ன?

சந்திரயான், ஆதித்யான்னு டிவியில எந்தச் செய்தி வந்தாலும் எங்க ஊர் டீக்கடையில் ரெண்டு கட்சி கிளம்பிடும். ஒரு கட்சி கை தட்டும். இன்னொரு கட்சி, "ஏண்ணே, அவ்வளவு உசரத்துக்கு ராக்கெட் போவுது, யூரியா மூட்டை மட்டும் நேரத்துக்கு நம்ம ஊரு வந்து சேர மாட்டேங்குதே" என்று கேட்கும். பட்டணத்தில் இருக்கிற உங்க வாட்ஸ்அப் குழுவிலும் இதே சண்டை நடக்கும்னு நினைக்கிறேன். யூரியாவுக்குப் பதிலா ரோட்டுப் பள்ளம், மழைநீர் வடிகால்னு பேர் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

நான் இந்தக் கணக்கை நிலாவை வச்சுப் போடுறதில்லை. புயலை வச்சுத்தான் போடுறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நெல் வச்சிருக்கிறவன் நான். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைன்னாலே ஒரு கண்ணு வானத்துல இருக்கும். அதனால சில புயல்களை வரிசையா வச்சுப் பார்ப்போம். நடுவுல ராக்கெட் எங்கே வருது, கம்ப்யூட்டர் எங்கே வருதுன்னு தானா தெரியும்.

முதல்ல 1964. டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஊர் போய்ச் சேரவே இல்லை. நூறு பேருக்கு மேல் அதோடு கடலுக்குள் போனார்கள். விடிஞ்சு பார்த்தா ஊரே இல்லை. தனுஷ்கோடியிலும் சுற்றுப்பக்கத்திலும் செத்தவர்கள் 1,800 பேர் வரைக்கும் இருக்கும் என்று சொல்கிறார்கள். பிறகு அரசாங்கமே அங்கே மனுஷன் வாழ முடியாதுன்னு அறிவிச்சிடுச்சு. அந்தப் புயல் ஒரே ராத்திரியில முளைச்சது இல்லை. அந்தமானுக்குத் தெற்கே உருவாகி, நாலஞ்சு நாள் கடல்ல நடந்து வந்தது. ஆனா அந்த ரயில்ல ஏறுனவங்களுக்கு அது தெரியாது.

இதுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னால, 1963 நவம்பர் 21-ந் தேதி, திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்கிற மீனவ கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் மேலே போனது. ராக்கெட் அமெரிக்காவோடது. பூமியோட காந்த நடுக்கோடு அந்த ஊர் வழியாப் போறதால, மேல்வளிமண்டலத்தை ஆராய அந்த இடத்தை விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தார். அங்கே இருந்த மாதா கோயில்தான் ஆபீஸ். ராக்கெட் சாமான்களை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் போட்டோவை நீங்க பார்த்திருப்பீங்க. அந்தப் போட்டோவுல தெரியாத ஒண்ணு இருக்கு. அந்த இடத்துக்காக வீட்டையும் கோயிலையும் விட்டுக் கொடுத்து வேற இடம் போனவங்க மீனவக் குடும்பங்கள். கடலை நம்பிப் பிழைச்ச சனங்கதான் இந்த வேலைக்கு முதல்ல இடம் கொடுத்தாங்க. சாராபாய் அப்பவே தெளிவா இருந்தார். பெரிய நாடுகளோட நிலாவுக்கு ஓட்டப் பந்தயம் ஓட இதை ஆரம்பிக்கலை, சாதாரண சனங்களோட பிரச்சினைக்கு இது உதவணும் என்பதுதான் அவர் சொன்னது.

மேலே இருந்து பார்த்துட்டா மட்டும் போதுமா? போதாதுன்னு 1970 காட்டிக் கொடுத்தது. அமெரிக்கா 1960-லேயே டைரோஸ்-1 என்கிற முதல் வானிலைச் செயற்கைக்கோளை விட்டுட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு, 1970 நவம்பரில், அப்போ கிழக்குப் பாகிஸ்தானா இருந்த வங்காளதேசத்தில் போலா புயல் அடிச்சது. வங்காள விரிகுடாவில் அது வர்றதைச் செயற்கைக்கோள் படம் பிடிச்சிருந்தது. ஆனாலும் மூணு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். படம் இருந்தது. அதுல இருந்த சேதி கடலோரத் தீவுல இருந்த குடிசைக்கு வந்து சேரலை. அதனால எந்தத் தொழில்நுட்பச் செய்தியைப் படிச்சாலும், கடைசியா இருக்கிறவன் கிட்ட இது எப்படி வந்து சேரும்னுதான் நான் பார்க்கிறது. ஆத்துத் தண்ணி மாதிரிதான் இதுவும். மேட்டூர்ல திறந்துட்டா ஆச்சா? கடைமடைக்கு வரணும்ல?

மூணாவது 1977. எங்க டெல்டாக்காரங்க அதை மறக்க மாட்டாங்க. நவம்பர் 12-ந் தேதி நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துல கரையைக் கடந்தது. ஐநூறு பேருக்கு மேல் உயிர் போனது. அடுத்த வாரமே, 19-ந் தேதி, ஆந்திராவில் கிருஷ்ணா ஆத்து முகத்துவாரத்தில், திவிசீமையில், இன்னொரு புயல். அங்கே செத்தவர்கள் பத்தாயிரம் பேர். எங்களுக்கு அப்போ இருந்த ஒரே வழி ரேடியோ. ரேடியோ மேல எங்க பக்கம் மரியாதை உண்டு. 1960-களில் திருச்சி வானொலி சொல்லி, தஞ்சாவூர் ஜில்லா முழுக்க ஏ.டி.டி. 27 நெல்லைப் போட்டாங்க. அதுக்கு "ரேடியோ நெல்"னே பேர் வந்துடுச்சு. நம்பிக்கையான குரல்ல சொன்னா விவசாயி கேட்பான். ஆனா சொல்றதுக்கே அவங்க கிட்ட சரியான தகவல் வேணும்ல?

அந்தத் தகவலுக்கான வேலை அந்தச் சமயத்துல நடந்துக்கிட்டுத்தான் இருந்தது. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம், நாசாவோட ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலத்துல 2,400 கிராமத்துக்கு டிவி காட்டினாங்க. விவசாயம், சுகாதாரம், பிள்ளைங்க படிப்புன்னு நிகழ்ச்சிகள். ஆந்திரா, கர்நாடகாவெல்லாம் அதுல உண்டு, தமிழ்நாடு இல்லை. அந்த டிவிக்கு வச்ச ஆன்டெனா கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையிலே செஞ்சது. நகரத்துக்கு முன்னாடி குக்கிராமத்துக்கு நேரா செயற்கைக்கோள் டிவி போன கதை இது.

1981-ல ஆப்பிள். இது நீங்க கையில வச்சிருக்கிற ஆப்பிள் இல்லை, நாமே செஞ்ச தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். அதை மாட்டு வண்டியில் ஏத்தி நிறுத்தின போட்டோவைப் பார்த்து, வெளிநாட்டுல மட்டுமில்லை, நம்ம ஆளுங்களே கேலி பண்றாங்க. வண்டி வாங்கக் காசில்லாம மாட்டு வண்டியைப் பிடிக்கலை. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுத்தி இரும்பு இருந்தா அலை தட்டித் திரும்பி அளவு தப்பா வரும். லாரியில வச்சா லாரியே இடைஞ்சல். மர வண்டியில வச்சா அந்தப் பிரச்சினை கம்மி. எந்த வேலைக்கு எந்தச் சாமான்னு தெரிஞ்சவன் செஞ்ச காரியம் அது. சேத்து வயல்ல பெரிய டிராக்டர் புதைஞ்சு நிக்கும்போது மாட்டைத் தேடிப் போறவனுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

அடுத்து இன்சாட். 1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏ ஐந்தே மாசத்துல செத்துப்போச்சு. 1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கொண்டு போய் விட்ட இன்சாட்-1பி பொழச்சுக்கிச்சு. 36,000 கிலோமீட்டர் உசரத்தில், நம்ம கண்ணுக்கு நின்ன இடத்திலேயே நிக்கிற மாதிரி, பூமி சுத்துற வேகத்துலயே சுத்திக்கிட்டு, டெலிபோன், டிவி, வானிலைப் படம் மூணையும் அந்த ஒரே கோள் பார்த்துக்கிட்டது. அதை வச்சு ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. கடலோர அரசு அலுவலகங்கள்ல ஒரு ரிசீவர் பெட்டி. புயல் வந்தா எந்த ஜில்லாவுக்குச் சேதி வேணுமோ அந்தப் பெட்டி மட்டும் சங்கு ஊதி, உள்ளூர் மொழியில் எச்சரிக்கை சொல்லும். போலாவுல அறுந்து கிடந்த கடைசி முழக் கயிற்றை முடிச்சுப் போட்டது இந்த மாதிரி வேலைகள்தான்.

இனி கம்ப்யூட்டர். புயல் இன்னைக்கு எங்கே இருக்குன்னு படம் சொல்லும். நாளைக்கு எங்கே இருக்கும்னு சொல்றது கணக்கு. முதல் உலகப்போரில் ஆம்புலன்ஸ் ஓட்டின ரிச்சர்ட்சன் என்கிற இங்கிலாந்துக்காரர், காற்றழுத்தத்தையும் காற்றையும் வச்சு ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். அதுக்கு ஆறு வாரம் ஆச்சு. விடையும் படுதப்பு. எழுதின தாள்கள் போர்க்களத்துல தொலைஞ்சு, பெல்ஜியத்துல ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியிலே கிடைச்சது. 1922-ல புத்தகமா வந்தது. வானிலை மாறுற வேகத்துக்கு ஈடா கணக்குப் போடணும்னா 64,000 பேர் ஒண்ணா உட்காரணும்னு எழுதியிருந்தார். 1950-ல எனியாக் கம்ப்யூட்டர்ல 24 மணி நேர வானிலையைக் கணக்குப் போட ஏறக்குறைய 24 மணி நேரம் ஆச்சு. வானமும் கம்ப்யூட்டரும் சமமா ஓடி வந்த மாதிரி.

நம்ம நாடு 1980-களில் வானிலைக்காக அமெரிக்காகிட்ட சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. கேட்ட மாடலைக் கொடுக்க மாட்டேன்னு சொல்லி, அதைவிடக் குறைஞ்ச கிரே எக்ஸ்-எம்பியைத்தான் 1988-ல கொடுத்தாங்க. அந்த வருஷமே புனேயில் சி-டாக் ஆரம்பிச்சு, 1991-ல பரம் 8000-ஐ நாமே செஞ்சோம். 2018 ஜனவரியில் புனேயில் பிரத்யூஷ், நொய்டாவில் மிஹிர் என்று ரெண்டு பெரிய கம்ப்யூட்டர்கள் வந்தன. ரெண்டும் சேர்ந்தா 6.8 பெட்டாஃப்ளாப். சாதாரணமா சொன்னா ஒரு செகண்டுக்கு அறுபது கோடிக் கோடிக்கும் மேல கணக்கு. அந்த வருஷக் கடைசியில்தான் எங்களுக்குக் கஜா வந்தது.

கஜாவுக்கு முன்னால ஒடிசாவை ஒரு தடவை பார்த்துடணும். 1999-ல அங்கே பெரும்புயல். செயற்கைக்கோள் அப்பவும் மேலே இருந்தது. செத்தது பத்தாயிரம் பேர். 2013-ல அதே மாநிலத்துக்கு பைலின் புயல். பத்து லட்சம் பேருக்குப் பக்கமா வெளியேத்தினாங்க. செத்தவங்க ஐம்பதைத் தொடலை. இடையில கோள் மட்டும் மாறலை. புயல் பாதுகாப்புக் கட்டடம் கட்டினாங்க, கிராமத்துல ஆளுங்களைப் பழக்கினாங்க. அறிவியல் பாதி, அரசாங்கமும் சனங்களும் மீதிப் பாதி.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. முதல்ல வட தமிழ்நாடு, ஆந்திரா பக்கம்னாங்க. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுலன்னு மாத்தினாங்க. மாத்தினதுக்குச் சில பேர் கேலி பேசினாங்க. நாள் நெருங்க நெருங்கத் திருத்திச் சொல்றதுதான் நேர்மை. மேலே இன்சாட்-3டி, 3டிஆர் ரெண்டும் படம் எடுத்துக்கிட்டே இருந்தன. கடல் மேல அடிக்கிற காத்தை ஸ்காட்சாட் அளந்தது. எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாமுக்குப் போனார்கள். காத்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல. இருந்தும் செத்தவங்க எண்ணிக்கை நூறைத் தொடலை. ஒவ்வொரு உயிரும் பெருசுதான். ஆனா 1977-ஐப் பார்த்த எங்க ஊர்ப் பெரியவங்க, "இந்தக் காத்துக்கு இவ்வளவு பேர் பொழச்சதே பெருசு தம்பி" என்றுதான் சொன்னார்கள். டீக்கடைக் கேள்விக்கு என்னோட முதல் பதில் இந்த உயிர்கள்தான்.

ரெண்டாவது பதில் அவ்வளவு சந்தோஷமானது இல்லை. எச்சரிக்கை வந்தா மனுஷன் எழுந்து போயிடுவான், மாட்டை அவுத்து விடுவான். மரத்துக்குக் கால் இல்லை. டெல்டாவுல லட்சக்கணக்கான தென்னை ஒரே ராத்திரியில சாய்ஞ்சது. என் கொல்லையில 140 மரம். காலையில நிமிர்ந்து நின்னது 31. நெட்டைத் தென்னை, எங்க அப்பா வச்சது. மரத்துக்கு அரசாங்கம் கொடுத்தது, அறுத்து அப்புறப்படுத்துற கூலியும் சேர்த்து 1,100 ரூபாய். நல்ல மரம் வருஷத்துக்கு நூறு காய் கொடுக்கும். புதுசா வச்ச நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அந்த ஆறேழு வருஷத்துக்கு எங்க பக்கம் எத்தனை பிள்ளைங்க திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனாங்கன்னு எந்தக் கோளும் படம் எடுக்காது.

விழுந்த மரத்தை எண்ணினதும் பழைய முறையிலதான். ஆள் வந்து, நடந்து, நோட்டுல எழுதி. விட்டுப்போச்சுன்னு அலைஞ்சவங்க நிறைய. ஆனா மேகத்தைத் தாண்டிப் பார்க்கிற ரேடார் செயற்கைக்கோள் இருக்கு. 2016-17 வறட்சியில தமிழ்நாட்டிலேயே நெல் காப்பீட்டுக்கு அந்த மாதிரிப் படங்களைப் பயன்படுத்தினாங்க. நெல்லுக்கு முடிஞ்சது தென்னைக்கும் முடியணும். புயலுக்கு முன்னால எடுத்த படம், பின்னால எடுத்த படம், சர்வே நம்பர், மூணையும் சேர்த்து வச்சா யாரும் யார் காலிலும் விழ வேண்டாம்.

இன்னொண்ணு, எச்சரிக்கை கொடுக்கிற மூணு நாளை மரத்துக்கும் பயன்படுத்தலாம். கனமான குலையையும் பழுத்த மட்டையையும் இறக்கிட்டா மரத்தோட தலைப்பாரம் குறையும்னு தோட்டக்கலைத் துறையே சொல்லுது. ஆனா மூணு நாளைக்குள்ள எல்லாத் தோப்புக்கும் மரம் ஏற ஆள் எங்கே? செல்போன்ல சேதி வருது, ஏறுற ஆள் வரலை. 2019-ல வந்த மேகதூத் செயலியை நானும் வச்சிருக்கேன். மழையைச் சொல்லுது, நல்லாவே சொல்லுது. அடுத்து என்ன செய்யறதுங்கிறதுக்கு ஊருல ஏற்பாடு வேணும். அது ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து வராது, பஞ்சாயத்துல இருந்துதான் வரணும்.

அடுத்த தடவை ராக்கெட் விடும்போது கை தட்டுங்க, நானும் தட்டுவேன். தட்டின கையோட, மேலே போறது என்ன பார்க்கப் போகுது, அது பார்த்த சேதி யாருக்கு எத்தனை மணி நேரத்துல வந்து சேரும்னு ஒரு கேள்வியும் கேளுங்க. பட்டணத்துல இருந்து நீங்க கேட்டா கொஞ்சம் சீக்கிரம் காதுல விழும்.

2019-ல நான் வச்ச தென்னம்பிள்ளையில பாதி இப்பத்தான் பாளை விட ஆரம்பிச்சிருக்கு. அடுத்த பதிவுல நெட்டையா குட்டையான்னு எங்க ஊருல நடக்குற சண்டையைப் பத்தி எழுதுறேன்.