வாதத்தின் பருவம் எது? மூட்டுவலியும் குளிரும் பற்றி ஒரு சொல் வரலாறு

குளிர் வந்தால் வாதம் வரும். வட இந்தியச் சமவெளியில் மூடுபனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் இந்த வாக்கியம் ஏதேனும் ஒரு மொழியில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒலிக்கிறது. முழங்கால் தேய்ந்த மூத்தவர்கள் கம்பளிக்குள் அமர்கிறார்கள், கடுகெண்ணெய் சுடவைக்கப்படுகிறது, வெளியே நடமாட வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இவை அனைத்துக்கும் ஆயுர்வேதமே ஆதாரம் என்பது பொதுநம்பிக்கை. எண்ணெய்க்கும் வெப்பத்துக்கும் அந்த ஆதாரம் உண்மையிலேயே உண்டு. அசையாமல் அமர்ந்திருப்பதற்கு இல்லை. பழைய நூல்கள் குளிர்காலத்துக்கு விதித்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது.

முதலில் சொற்கள். வங்காளியில் மூட்டுநோய்க்குப் பெயர் வெறுமனே 'பாத்'. குஜராத்தியில் 'வா', 'சந்திவா'. மராத்தியிலும் கன்னடத்திலும் 'சந்திவாத'. தமிழில் கீல்வாதம், மூட்டுவாதம். எல்லாமே காற்றைக் குறிக்கும் 'வாத' என்னும் சமஸ்கிருதச் சொல்லின் வழிவந்தவை. இந்தி பேசுவோர் வயிற்றுப் பொருமலையும் மூட்டுவலியையும் தரும் உணவை 'பாதீ' என்பர். அது சமஸ்கிருதத்திலிருந்து வந்ததன்று. காற்று எனப் பொருள்படும் பாரசீக 'பாத்' என்பதன் வழிவந்தது. ஆனால் பாரசீக 'பாத்', சமஸ்கிருத 'வாத' இரண்டும் ஒரே இந்தோ-ஈரானிய மூலத்தின் கிளைகள். பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்த இரண்டு உடன்பிறப்புகள் ஒரே கடைத்தெருவில், ஒரே முழங்காலின் மீது மீண்டும் சந்தித்துக்கொண்டன. வேடிக்கை என்னவெனில், பாரசீக மொழி வழியாக இங்கு வேரூன்றிய யுனானி மருத்துவத்தின் ஏட்டுக் கோட்பாட்டில் காற்று ஒரு நோய்க்கூறே அன்று. குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கே அதன் கூறுகள். குளிர்ந்த, ஈரமான 'பல்கம்' என்னும் சளிக்கூறுதான் அங்கு மூட்டுவலியின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஏடு சளி என்றது. மக்கள் பேச்சு காற்று என்றது. இந்தியில் புழங்கும் 'கடியா' மட்டும் வேறு வழியில் போகிறது. முடிச்சைக் குறிக்கும் 'காண்ட்' என்பதிலிருந்து பிறந்த அச்சொல், காரணத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தை மட்டும் பெயரிடுகிறது. நேர்மையான சொல் என்றே அதைக் கொள்ளலாம்.

நோயின் வருணனை சரகசம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில், வாத நோய்களுக்கான 28ஆம் அத்தியாயத்தில் வருகிறது. மூட்டில் தங்கிய வாதம், தொட்டால் காற்றடைத்த தோல்பைபோல் வீங்கியிருக்கும். நீட்டவும் மடக்கவும் வலிக்கும். இன்று முழங்கால் தேய்மானத்தோடு வருபவரின் மூட்டைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் இதை எளிதில் அடையாளம் காண்பார். ஆனால் இரண்டும் ஒன்றே என்று கூறிவிட முடியாது. அந்த ஒருவரி வருணனைக்குள் பல நோய்கள் அடங்கும். இந்த அத்தியாயம் சரகருடையதன்று, நூலை நிறைவுசெய்த திருடபலருடையது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அவரைக் காஷ்மீரத்தவர் என்று கருதுவோரும் பலர்.

இனி, பருவம். ஆயுர்வேத நூல்கள் ஒவ்வொரு குற்றத்துக்கும் சேரும் காலம், பொங்கும் காலம், தணியும் காலம் என மூன்றை வகுத்துள்ளன. வாதம் கோடையில் சேர்கிறது, மழைக்காலத்தில் பொங்குகிறது, கூதிரில் தணிகிறது. குளிர்காலத்தில் சேர்வது கபம். அது பொங்குவது இளவேனிலில். அதாவது வாதத்துக்கு உரிய பருவம் பனியன்று, மழை. வாதத்தின் குணங்களுள் ஒன்று குளிர்ச்சி என்று சொல்லும் அதே நூல்கள்தாம் இதையும் சொல்கின்றன. குணத்தையும் காலத்தையும் ஒன்றாக்கி, குளிர்ச்சி உடையது குளிர்காலத்தில்தான் பொங்கும் என்று முடிவுகட்டியது பிற்காலப் பொதுப்புத்தி.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சரகசம்ஹிதையின் சூத்திரப் பகுதி 6ஆம் அத்தியாயம், முன்பனிக் காலத்தில் உடலின் செரிமானத் தீ வலுவாக இருக்கும் என்கிறது. அத்தீக்குப் போதிய விறகு, அதாவது உணவு, கிடைக்காவிட்டால் அது உடலின் சாரத்தையே எரிக்கும். அப்போது குளிர்ந்த வாதம் குளிர்காலத்தில் பொங்கும். இங்கே காரணமாக நிற்பது குளிர் மட்டுமன்று. குளிரோடு சேர்ந்த பசி. இந்த நிபந்தனையை உரைகள் மறக்கவில்லை. வீடுகள் மறந்தன. போதிய உணவில்லாத உழைப்பாளிகளின் உடலுக்குப் பொருந்தும் ஒரு கூற்று, உண்டு கொழுத்தோர் உட்பட எல்லோருக்குமான விதியாகிப்போனது.

மழையே வாதத்தின் பருவம் என்னும் பழைய நாட்காட்டி இன்றும் உயிரோடிருக்கும் இடம் கேரளம். ஜூலை நடுப்பகுதியில் தொடங்கும் கர்க்கடக மாதத்தில், கொட்டும் மழையில், எண்ணெய்ச் சிகிச்சையும் மருந்துக் கஞ்சியும் மூட்டுவலிக்காரர்களுக்காகக் காத்திருக்கின்றன. வயல்வேலை குறைந்து உடலுக்கு ஓய்வு கிடைத்த மாதம் அது என்பதும் இந்த வழக்கத்துக்குத் துணைநின்றிருக்க வேண்டும். நூல் மட்டும் ஒரு மரபை இவ்வளவு காலம் காத்திருக்காது.

மறுமுனையில் காஷ்மீரம். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் 'சில்லை கலான்' என்னும் கடுங்குளிரில், பிரம்பு பின்னிய மண்சட்டியில் கரித்தணலை இட்ட காங்கிடி, ஃபெரன் என்னும் தளர்ந்த மேலங்கிக்குள் உடலோடு ஒட்டியிருக்கும். வெப்பம் வலியைத் தணிக்கிறது என்பதில் ஐயமில்லை. தசை இளகுகிறது, விறைப்பு குறைகிறது. ஆனால் 1865இல் காஷ்மீருக்கு வந்த மறைப்பணி மருத்துவர் வில்லியம் எல்ம்ஸ்லி, அடுத்த ஆண்டே அடிவயிற்றிலும் தொடையிலும் தோன்றும் தோல் புற்றுநோயைக் காங்கிடியோடு இணைத்து எழுதினார். 'காங்கிடிப் புற்று' என்ற பெயர் உலகத் தோல்மருத்துவ நூல்களில் இன்றும் உள்ளது. நேரடிச் சூட்டில் ஆண்டுக்கணக்காக வைக்கப்படும் தோல் முதலில் வலைபோலக் கருக்கும். அந்தக் கறுப்பைப் பொருட்படுத்தாமல் விடுவதுதான் ஆபத்து. சூடான தண்ணீர்ப் பையையோ மின்சார வெப்ப உறையையோ வெறும் தோலில் வைத்துக்கொண்டு உறங்குவோருக்கும் இது பொருந்தும். உணர்விழந்த கால்களையுடைய நீரிழிவு நோயாளிகளுக்கு இருமடங்காகப் பொருந்தும்.

தணலுக்கு மாற்றாக வந்த புட்டி மருந்துகளின் வரலாறு தனியாக எழுதப்பட வேண்டியது. நீலகிரியிலும் இமயத்திலும் வளரும் ஒரு புதரின் இலையிலிருந்து வடிக்கப்படும் விண்டர்கிரீன் தைலம் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட்டால் ஆனது. சென்னை மாகாண அரசு சின்கோனா ஆய்வுக்கென உதகையில் அமர்த்திய வேதியியலர் ஜான் பிரௌட்டன் அத்தைலத்தை ஆராய்ந்தார். தேய்த்தால் தோல் சுடுவதுபோல் இருக்கும். மூட்டுக்குள் அந்த அளவு வெப்பம் போய்விட்டது என்று பொருளன்று. தைலம் தேய்த்த இடத்தின் மீது வெப்ப உறையை வைப்பது தோலைப் புண்ணாக்கும்.

எண்ணெய் எப்போதும் நல்லது என்பதும் பழைய நூல்களின் கருத்தன்று. ஏறத்தாழ 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாதவநிதானம் 'ஆமவாதம்' என்னும் நோயைத் தனியாகப் பிரித்தது: பல மூட்டுகள் ஒருசேர வீங்கும், காய்ச்சல் அடிக்கும், உணவு செல்லாது. பின்வந்த சக்கரதத்தர் இதற்குப் பட்டினியையும், எண்ணெயில்லாத மணல் ஒத்தடத்தையும் விதித்தார். இன்றைய மருத்துவம் அழற்சி மூட்டுநோயையும் தேய்மானத்தையும் தெளிவாகப் பிரித்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். எனினும் இரண்டுக்கும் ஒரே கைப்பக்குவம் ஆகாது என்ற எச்சரிக்கை இங்கே ஆயிரம் ஆண்டு மூத்தது. காலையில் ஒருமணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால், விரல் மூட்டுகள் இருகையிலும் வீங்கினால், அதைக் 'குளிர்வலி' என்று எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தக் கூடாது. தேய்மானத்தின் காலைவிறைப்பு பெரும்பாலும் அரைமணிக்குள், நடக்க நடக்க விட்டுவிடும்.

வானிலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பை அளந்து பார்க்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. கால் துண்டிக்கப்பட்ட ஒரு படைத்தலைவரின் வலிக்குறிப்புகளைக் காற்றழுத்தப் பதிவுகளோடு ஒப்பிட்டு 1877இல் அமெரிக்க நரம்பியலர் வெயர் மிட்செல் எழுதிய கட்டுரை அதன் முன்னோடி. அதன்பின் முடிவுகள் முரண்பட்டே வந்துள்ளன. 1996இல் ரெடல்மையரும் ட்வெர்ஸ்கியும் 18 நோயாளிகளை 15 மாதம் பின்தொடர்ந்து, தொடர்பேதும் இல்லை, மனம் தற்செயலில் ஒழுங்கைக் காண்கிறது என்றனர். 2007இல் முழங்கால் தேய்மானம் உடைய 200 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு, வெப்பநிலை குறைவதற்கும் காற்றழுத்த மாற்றத்துக்கும் வலியோடு சிறிய தொடர்பு கண்டது. 2017இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருத்துவமனை வருகைகளை அலசிய ஆய்வு, மழைநாளுக்கும் மூட்டுவலிப் புகாருக்கும் தொடர்பில்லை என்றது. ஆனால் மழைநாளில் வலிப்பவர் அன்றே மருத்துவரிடம் போவதில்லை. அது வலியை அளந்ததா, மருத்துவர் சந்திப்பு நாட்குறிப்பை அளந்ததா என்று கேட்கலாம். 2019இல் பிரிட்டனில் 2,658 பேர் அலைபேசியில் நாள்தோறும் வலியைப் பதிந்த ஆய்வில் வலியோடு சேர்ந்து வந்தவை ஈரப்பதம், குறைந்த காற்றழுத்தம், பலத்த காற்று. வெப்பநிலைக்குத் தெளிவான பங்கு தெரியவில்லை. தொடர்பு இருந்த இடத்திலும் அது சிறிது. மிக மோசமான வானிலைச் சேர்க்கையில் வலிநாளுக்கான வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடியது.

ஈரமும் காற்றும் முன்னே நிற்க, குளிர் பின்னே போனதைப் பார்த்ததும், மழையே வாதத்தின் பருவம் என்ற பழைய வகுப்பு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று கொண்டாடத் தோன்றும். வேண்டாம். பிரிட்டனின் தூறலும் கேரளத்தின் இடவப்பாதியும் ஒன்றல்ல; அலைபேசிப் பதிவும் முக்குற்றக் கோட்பாடும் ஒரே வினாவைக் கேட்கவில்லை. லேயின் வறண்ட குளிரையும் டெல்லியின் ஈர மூடுபனியையும் ஒரே 'குளிர்' என்ற சொல்லில் அடைப்பது அறிவியலுக்கும் உதவாது என்பதை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

விட்டுப்போன பாதி இனிதான் வருகிறது. குளிர்காலத்துக்குச் சரகசம்ஹிதை எண்ணெய்த் தேய்ப்பு, வியர்வைச் சிகிச்சை, வெயில், கதகதப்பான உள்ளறை, கனத்த போர்வை ஆகியவற்றைச் சொல்கிறது. வாக்படரின் அஷ்டாங்கஹிருதயம் இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறது: காலால் மிதித்துப் பிடிப்பது, தேர்ந்தவரோடு மல்யுத்தம். ஆம், மல்யுத்தம். உடற்பயிற்சிக்கு உரிய காலம் குளிரும் இளவேனிலும் என்றும், வலுவுள்ளோர்கூடத் தம் வலிமையில் பாதி அளவே செய்ய வேண்டும் என்றும் அந்நூல் வரையறுக்கிறது. உடற்பயிற்சியைத் தவிர்க்கச் சொல்வது மழைக்காலத்தில். குளிரில் உடல் வலுவாக இருக்கிறது, அதைப் பயன்படுத்து என்பதே அதன் போக்கு. இது செல்வந்த ஆண்களை நோக்கி எழுதப்பட்ட நூல் என்பதில் ஐயமில்லை. எண்ணெய் தேய்க்கவும் மிதிக்கவும் ஆள் வைத்திருந்தவர்களின் நூல். பனியில் நீர் சுமந்தவளின் முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவளுடைய பேத்தியின் வீட்டுக்கு அந்நூலிலிருந்து வந்து சேர்ந்தவை எண்ணெயும் போர்வையும். பயிற்சி வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

முழங்கால் தேய்மானத்துக்கு இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் பயிற்சியை முதலில் வைக்கின்றன. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் பாராசிட்டமாலை வழக்கமாகத் தர வேண்டாம் என்றுகூடச் சொல்லி, தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சியையும், தேவையானோருக்கு எடைக்குறைப்பையும், முழங்காலுக்குத் தடவும் வலிநிவாரணியையும் முன்னிறுத்துகிறது. தொடக்கத்தில் சிறிது வலிக்கலாம், அதற்காக நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லப்படுகிறது. பனிக்கால விடியலில் தெருவுக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. வெயில் ஏறிய பின் முற்றத்தில் நடக்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துமுறை எழுந்து அமரலாம். சூட்டு ஒத்தடத்தை இதற்கு முன் கொடுத்து மூட்டை இளக்கிக்கொள்ளலாம். எவ்வளவு செய்வது என்ற கேள்விக்குச் சுசுருதசம்ஹிதை தந்த அளவுகோலுக்குக் கருவி எதுவும் தேவையில்லை: மூச்சு வாய்வழியே வரத் தொடங்கினால் பாதி வலிமை செலவாகிவிட்டது, அங்கே நிறுத்து.