பூம்புகார் ஓவியரும் பிளைவுட் அரண்மனைகளும்

படம் ஆரம்பிக்கும்போது டைட்டில்ல 'கலை'ன்னு ஒரு வரி வரும். இசை யாரு, கேமரா யாருன்னு உத்துப் பார்க்கிற நம்ம மக்கள்ல பாதிப் பேரு அந்த வரி வரும்போது பாப்கார்ன் பக்கம் திரும்பிடுவோம். அந்த வரியில வந்த ஒருத்தரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. பேரு பி. கிருஷ்ணமூர்த்தி.

பழைய ஸ்டூடியோ காலத்துல செட் வேலை ஒரு குருகுலம் மாதிரி. படுதா வரையுறதுல ஆரம்பிச்சு, ஒரு பெரியவர்கிட்ட உதவியாளரா இருந்து மெல்ல மேல வரணும். தோட்டா தரணிக்கு அப்பாவே கலை இயக்குநர். கிருஷ்ணமூர்த்தி வந்த வழி வேற. 1943ல பூம்புகார்ல பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில படிச்ச ஓவியர். ஜி.வி. ஐயர் எடுத்த கன்னடப் படம் 'ஹம்சகீதே' (1975) மூலமா கலை இயக்கத்துக்குள்ள நுழைஞ்சார்.

ஓவியருக்கு இது சுலபமான மாற்றம் இல்லீங்க. ஓவியத்தை நாலு பேரு நின்னு பார்க்கணும். செட்டை யாரும் 'செட்'னு கண்டுபிடிக்கக் கூடாது. நேத்து அடிச்ச பிளைவுட் சுவர் நூறு வருஷப் பழசாத் தெரியணும். விளக்கு மாடத்துக்கு மேல கரி படிஞ்சிருக்கணும், ஆள் சாயுற தூண்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கணும். ஷூட்டிங் முடிஞ்சா எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுவாங்க. கையெழுத்துப் போட்டு வச்சுக்க ஒண்ணும் மிஞ்சாது.

இவர்கிட்ட எனக்குப் பிடிச்ச விஷயம், பல படங்கள்ல உடையையும் இவரே பார்த்துக்கிட்டது. சுவரோட நிறமும் அதுக்கு முன்னாடி நிக்கிறவன் வேட்டியோட நிறமும் ஒரே கண்ணுல இருந்து வருது. 'ஒரு வடக்கன் வீரகதா' (1989) பாருங்க, எவ்வளவு வித்தியாசம் தெரியும்னு! அந்தப் படத்துக்கு கலை, உடை ரெண்டுக்குமே தேசிய விருது வாங்கினார். 'பாரதி' (2000) படத்துக்கும் அதே மாதிரி ரெண்டு விருது. அதுக்கெல்லாம் முன்னாடியே 'மத்வாச்சார்யா' (1986) படத்துக்கு ஒண்ணு. ஆக மொத்தம் அஞ்சு.

இப்ப அந்த வரிசையைக் கொஞ்சம் கவனிங்க. முதல்ல கன்னடம், அடுத்து மலையாளம், கடைசியாத்தான் தமிழ். பூம்புகார்க்காரருக்குத் தமிழ்ப் படத்துக்காக தேசிய விருது கிடைக்க, முதல் படத்துல இருந்து இருபத்தஞ்சு வருஷம் ஆயிருக்கு.

ஏன் இப்படி? எனக்குத் தோணுற காரணம் இது. 1977ல '16 வயதினிலே' வந்ததும் நம்ம சினிமா ஸ்டூடியோவை விட்டு நிஜ கிராமத்துக்குப் போச்சு. நல்ல விஷயம்தான், மறுக்கலை. ஆனா அதே சமயம் சரித்திரக் கதைகளை நாம கிட்டத்தட்ட கைவிட்டுட்டோம். பழைய காலத்தைக் கட்டத் தெரிஞ்ச கைக்கு இங்க என்ன வேலை இருக்கும்? பக்கத்து மாநிலங்கள்ல ஐயரும் ஹரிஹரனும் அந்த வேலையைக் கொடுத்தாங்க.

அப்புறம் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) வந்துச்சு. வடிவேலு பண்ற கோமாளித்தனம் எடுபட, சுத்தி இருக்கிற அரண்மனை சீரியஸா இருந்தாகணும். அந்த அரண்மனையும் இவர் கைவண்ணம்தான். நாம சிரிச்ச சிரிப்புல அதைக் கவனிக்கவே இல்லை :-)

2020 டிசம்பர்ல கிருஷ்ணமூர்த்தி காலமானார். அவர் கட்டின சுவர்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயாச்சு. அடுத்த தடவை 'பாரதி' பார்த்தா, ஒரே ஒரு காட்சியிலாவது பாரதியை விட்டுட்டு அவருக்குப் பின்னாடி இருக்கிற சுவரைப் பாருங்க.