செயலியை நிறுவ முடியவில்லையா? முதலில் செய்ய வேண்டியவையும் ஒருபோதும் செய்யக் கூடாதவையும்

பொம்மனஹள்ளி (பெங்களூரு): ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற பகுதி. வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க இயலாது என்று 2016 பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதை எதிர்த்து, அவ்வாண்டு ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் இப்பகுதித் தொழிலாளர்கள் ஓசூர் சாலையில் திரண்டு போராடினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏப்ரல் 19 அன்றே அரசு அந்த அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

அதே வைப்பு நிதிக் கணக்கின் வாசல் இன்று கைப்பேசிக்குள் இருக்கிறது. புதிதாகப் பணியில் சேருவோர், யுஏஎன் எனப்படும் பொதுக் கணக்கு எண்ணை உமங் செயலியில் முக அடையாளச் சரிபார்ப்பு மூலம் பெற வேண்டும் என்ற நடைமுறை 2025 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ளது. சில பிரிவினருக்கு மட்டுமே இதிலிருந்து விலக்கு உண்டு. இதற்கு உமங் செயலியுடன், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற மற்றொரு செயலியும் கைப்பேசியில் இருக்க வேண்டும். ஓய்வூதியர்கள் முக அடையாளம் மூலம் வாழ்நாள் சான்றிதழ் பெறும் ஜீவன் பிரமான் சேவைக்கும் இதே செயலி தேவை.

எனவே, 'செயலியை நிறுவ முடியவில்லை' என்ற ஒற்றை வரி அறிவிப்பு, ஒரு தொழிலாளியின் சேமிப்புக் கணக்கையே தாமதப்படுத்தக்கூடும். அந்தப் பதற்றத்தில், தெரியாதவர் அனுப்பும் கோப்பை நிறுவிப் பணத்தை இழக்கும் ஆபத்தும் உண்டு. இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தே சரிசெய்யலாம். ஆனால், அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. தரவு இழப்பு ஏற்படாத வழிகளை முதலிலும், தரவை அழிக்கும் வழிகளைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

முதல் படி: இணைப்பு, நேரம், மறுதொடக்கம்

பதிவிறக்கம் தொடங்காமல் 'நிலுவையில் உள்ளது' என்றே நீண்ட நேரம் காட்டினால், முதலில் இணைய இணைப்பைச் சோதிக்க வேண்டும். பிளே ஸ்டோரின் அமைப்புகளில் 'வைஃபை மூலம் மட்டும்' என்ற விருப்பம் தேர்வாகியிருந்தால், மொபைல் டேட்டா இருந்தும் பதிவிறக்கம் காத்திருக்கும். பல செயலிகள் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படும்போதும் புதிய செயலி வரிசையில் நிற்கும். மற்றவற்றை நிறுத்திவிட்டு, தேவையான செயலியை மட்டும் பதிவிறக்கினால் போதும். விபிஎன் இயக்கத்தில் இருந்தால் அதைத் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம்.

கைப்பேசியின் தேதியும் நேரமும் தவறாக இருப்பது பலர் கவனிக்காத காரணம். பாதுகாப்பான இணைய இணைப்புகள் சான்றிதழ்களின் செல்லுபடிக் காலத்தைச் சரிபார்த்தே இயங்குகின்றன. கைப்பேசியின் நாட்காட்டி பின்தங்கியிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழையும் அது ஏற்காது. அமைப்புகளில் 'தானியங்கித் தேதி, நேரம்' என்ற விருப்பத்தை இயக்கிவிட்டு, கைப்பேசியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்க வேண்டும்.

இரண்டாம் படி: சேமிப்பிடம்

ஒரு செயலியின் அளவு 100 எம்பி என்று காட்டப்பட்டால், 100 எம்பி காலியிடம் மட்டும் போதும் என்று கருதக் கூடாது. பதிவிறக்கிய கோப்பு, அதை விரித்து நிறுவுவதற்கான இடம், புதுப்பிப்பின்போது அதுவரை இருக்கும் பழைய பதிப்பு ஆகிய அனைத்துக்கும் ஒரே நேரத்தில் இடம் தேவைப்படும். மெமரி கார்டில் இடம் இருப்பதும் பெரும்பாலும் உதவாது. செயலிகள் கைப்பேசியின் உள் சேமிப்பகத்திலேயே நிறுவப்படுகின்றன.

இடத்தை அதிகம் அடைத்துக்கொள்பவை பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக வந்து சேரும் காணொலிகளும் படங்களும்தான். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகம் குறித்த பகுதிக்குச் சென்றால், எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்து, தேவையற்றவற்றை மட்டும் நீக்கலாம். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாத செயலிகளை நீக்குவதும் எளிய வழி.

மூன்றாம் படி: தற்காலிகச் சேமிப்பும் செயலித் தரவும்

மேற்கண்டவை பலன் தராவிட்டால், ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் செயலிகள் பட்டியலுக்குச் சென்று, கூகுள் பிளே ஸ்டோரைத் தேர்ந்தெடுத்து, அதன் 'தற்காலிகச் சேமிப்பை' அழிக்க வேண்டும். அப்போதும் பிழை நீடித்தால், பிளே ஸ்டோரின் தரவை அழிக்கலாம். இதனால் ஏற்கெனவே நிறுவிய செயலிகள் நீங்கிவிடாது. பிளே ஸ்டோருக்குள் செய்துவைத்த அமைப்புகள் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பும். கூகுள் பிளே சேவைகள் என்ற செயலியின் தற்காலிகச் சேமிப்பையும் இவ்வாறே அழித்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை உறுதியாக நினைவில் கொள்ள வேண்டும். தற்காலிகச் சேமிப்பு என்பது வேகத்திற்காகச் செயலி ஒதுக்கி வைக்கும் நகல்கள். அதை அழித்தாலும் செயலி அதை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். 'தரவை அழி' அல்லது 'சேமிப்பகத்தை அழி' என்ற பொத்தான் அப்படிப்பட்டதன்று. அது உள்நுழைவு, அமைப்புகள், செயலி கைப்பேசியில் சேமித்த கோப்புகள் ஆகியவற்றை நீக்கிவிடும். பிளே ஸ்டோரில் செய்யத்தக்க இதை, வாட்ஸ்அப், வங்கிச் செயலி, யுபிஐ செயலி ஆகியவற்றில் யோசிக்காமல் செய்யக் கூடாது. காப்புப் பிரதி எடுக்காத வாட்ஸ்அப் உரையாடல்கள் அழிந்துபோகும். யுபிஐ செயலியில் சிம் சரிபார்ப்பிலிருந்து மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முதலில் காப்புப் பிரதி, பிறகு நீக்கம் என்பதே சரியான வரிசை. கைப்பேசியிலிருந்து கூகுள் கணக்கை நீக்கி மீண்டும் சேர்ப்பதும் ஒரு தீர்வாகவே கூறப்படுகிறது. ஆனால், தொடர்பு எண்கள் கணக்குடன் ஒத்திசைக்கப்பட்டுள்ளனவா என்பதை உறுதி செய்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

கைப்பேசி பழையதாக இருந்தால்

'இந்தச் சாதனத்துடன் இணக்கமாக இல்லை' என்ற அறிவிப்பு வந்தால், தற்காலிகச் சேமிப்பை எத்தனை முறை அழித்தாலும் பயன் இருக்காது. செயலி கோரும் இயங்குதளப் பதிப்பு அந்தக் கைப்பேசியில் இல்லை என்பதே அதன் பொருள். ஆண்ட்ராய்டு 4.4 பதிப்புக்கான பிளே சேவைகள் புதுப்பிப்பை கூகுள் 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. வாட்ஸ்அப் 2025இல் ஆண்ட்ராய்டு 5.0க்கு முந்தைய பதிப்புகளைக் கைவிட்டது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கைப்பேசி புதியதாகவும் செயலி பழையதாகவும் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 6.0க்கு முந்தைய பதிப்புகளை இலக்காகக் கொண்டு உருவாக்கிய செயலிகளைப் புதிதாக நிறுவ ஆண்ட்ராய்டு 14 அனுமதிப்பதில்லை. அனுமதிகளைப் பயனரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை ஆண்ட்ராய்டு 6.0இல்தான் வந்தது. அதைத் தவிர்ப்பதற்காகவே தீங்கு செய்யும் செயலிகள் பழைய பதிப்பின் போர்வையில் வந்ததால் இந்தத் தடை கொண்டுவரப்பட்டது.

இத்தகைய நிலையில், அமைப்புகளில் 'மென்பொருள் புதுப்பிப்பு' இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. அது இல்லையெனில், அதே சேவையை உலாவி வழியாக இணையதளத்தில் பெற முடியுமா என்று பார்க்கலாம். ஜீவன் பிரமான் சேவையைப் பொறுத்தவரை, ஓய்வூதியர் தம் குடும்பத்தினரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் பயன்படுத்தலாம். பொதுச் சேவை மையங்களிலும் வாழ்நாள் சான்றிதழ் பெறலாம்.

ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியில் மற்றொரு குழப்பமும் உண்டு. இது மற்ற செயலிகளைப் போல் தனியே திறந்து பயன்படுத்தும் செயலி அன்று. உமங் போன்ற செயலிகள் அழைக்கும்போது பின்னணியில் இயங்கி முகத்தைச் சரிபார்க்கிறது. திறக்க முடியவில்லை என்பதால் நிறுவல் தோல்வியடைந்ததாக எண்ணி, வேறு இடங்களில் அதைத் தேட வேண்டியதில்லை. அமைப்புகளில் உள்ள செயலிகள் பட்டியலில் அதன் பெயர் இருந்தால் நிறுவல் முடிந்துவிட்டது.

ஐபோன் பயனர்களுக்கு

ஐபோனில் இலவசச் செயலியைக்கூட நிறுவ விடாமல் 'சரிபார்ப்பு தேவை' என்ற அறிவிப்பு வரலாம். முந்தைய கொள்முதலுக்கான தொகை நிலுவையில் இருப்பதோ, கணக்கில் உள்ள கட்டண முறை காலாவதியானதோ இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். குழந்தைகளுக்காகத் திரை நேரக் கட்டுப்பாடு அமைத்திருந்தால், செயலிகளை நிறுவும் வசதி அங்கு முடக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இடம் போதாதபோது, ஐபோன் சேமிப்பகப் பகுதியில் ஒரு செயலியை மட்டும் இறக்கிவைத்து, அதன் ஆவணங்களையும் தரவையும் தக்கவைத்துக்கொள்ளும் வசதி உள்ளது.

பிழை பயனருடையதாக இல்லாதபோது

2021 மார்ச் 22, 23 ஆகிய நாட்களில், ஜிமெயில் உட்படப் பல ஆண்ட்ராய்டு செயலிகள் திறந்த உடனே மூடிக்கொண்டன. அந்தச் செயலிகளில் குறை இல்லை. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்ட உதவும் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற பொதுக் கூறில் ஏற்பட்ட கோளாறே காரணம். அக்கூறையும் குரோம் உலாவியையும் பிளே ஸ்டோரில் புதுப்பிக்குமாறு கூகுள் அறிவுறுத்தியது. சிக்கல் தீர்ந்தது.

அந்நேரத்தில் தங்கள் செயலிகளின் தரவை அழித்தவர்களுக்கு வீண் இழப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒரே நேரத்தில் பல செயலிகள் செயலிழந்தாலோ, அருகில் உள்ளவர்களின் கைப்பேசியிலும் அதே பிழை தோன்றினாலோ, சில மணி நேரம் காத்திருப்பதே நல்லது.

ஒருபோதும் செய்யக் கூடாதது

பிளே ஸ்டோரில் நிறுவ முடியாதபோது, 'இந்த ஏபிகே கோப்பைத் தரவிறக்குங்கள்' என்று யாரேனும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். வாகன அபராதச் சீட்டு, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வந்த ஏபிகே கோப்புகளால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோவதாக நாட்டின் பல பகுதிகளில் காவல்துறை எச்சரித்துள்ளது. அவை கேட்பது பெரும்பாலும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி. அதன் மூலம் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் திருடர்களைச் சென்றடைகிறது.

ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றும் அதை உருவாக்கியவரின் மின்னணுக் கையொப்பத்தைத் தாங்கியிருக்கும். ஏற்கெனவே உள்ள செயலியின் மீது வேறு கையொப்பம் கொண்ட கோப்பை நிறுவ முயன்றால், கைப்பேசி மறுத்துவிடும். அப்போது 'பழைய செயலியை நீக்கிவிட்டு இதை நிறுவுங்கள்' என்று ஒருவர் கூறினால், பூட்டைக் கழற்றச் சொல்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கோப்பு குறுஞ்செய்தி, அறிவிப்புகள், அணுகல்தன்மை ஆகியவற்றுக்கான அனுமதியைக் கோரினால் நிறுவலையே தடுக்கும் வசதியை, கூகுளின் பிளே ப்ரொடெக்ட் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சோதனை முறையில் தொடங்கியது. அதே ஆண்டில் இந்தியாவுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. இந்தத் தடை தோன்றும்போது, பிளே ப்ரொடெக்டை அணைத்துவிட்டு முயல்வது தீர்வாகாது. அது பிழை அன்று, பாதுகாப்பு.

இணையத் தேடலில் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களையும் அப்படியே நம்பக் கூடாது. செயலியின் பிளே ஸ்டோர் பக்கத்திலோ அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ உள்ள தொடர்பு விவரங்களையே பயன்படுத்த வேண்டும். திரையைப் பகிரச் சொல்பவரிடம் உரையாடலைத் தொடர வேண்டியதில்லை.

உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்

வருங்கால வைப்பு நிதி தொடர்பான ஐயங்களுக்கு 14470, ஆதார் தொடர்பான ஐயங்களுக்கு 1947 ஆகிய எண்களை அழைக்கலாம். சந்தேகத்துக்குரிய கோப்பை நிறுவிவிட்டால், உடனே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, அந்தச் செயலியை நீக்கி, வேறு கைப்பேசியிலிருந்து வங்கிக்குத் தகவல் தர வேண்டும். பணம் பறிபோயிருந்தால், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைத்துப் புகார் பதிவு செய்ய வேண்டும். புகார் எவ்வளவு விரைவாகப் பதிவாகிறதோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் முடக்கப்படும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.