கிரீன் பேயின் புகழ்க்கூடம்: யாருக்கு இடம், யாருக்கு இல்லை?

நம் குடியிருப்பில் பல வீடுகளில் மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். செப்டம்பர் முதல் ஜனவரி வரை அங்கே போய்த் தங்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் எல்லா வீட்டு டிவியிலும் ஃபுட்பால்தான். நாம் பார்க்கும் கால்பந்து அல்ல அது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தைக் கையில் அணைத்து ஓடுவது, எறிவது, எதிரே வருபவனை மோதித் தள்ளுவது. பெயரில் இருக்கும் காலுக்கு ஆட்டத்தில் வேலை குறைவு.

ஆட்டத்தைவிட, அதில் ஒரு அணியின் வரலாறு வங்கியில் காலமெல்லாம் லெட்ஜர் பார்த்த எனக்குச் சுவையாகப் பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி அது. பழைய ஆட்டக்காரர்களில் யாரைப் போற்ற வேண்டும் என்று அந்த ஊர் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை நம் இதழ் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாபப் பங்கு தராத பங்கு

1919 ஆகஸ்டில் கர்லி லாம்போ, ஜார்ஜ் கால்ஹூன் என்ற இருவர் அணியைத் தொடங்கினார்கள். லாம்போ வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் கம்பெனி சீருடை வாங்க 500 டாலர் கொடுத்தது. இறைச்சியை டப்பாவில் அடைக்கும் கம்பெனி அது. 'பேக்கர்ஸ்' என்ற பெயர் அப்படி வந்தது.

1921ல் தேசிய லீக்கில் சேர்ந்த அணி பணமில்லாமல் தள்ளாடியது. 1923ல் ஊர்ப் பெரியவர்கள் கூடி, பங்கு ஒன்று 5 டாலர் வீதம் 1,000 பங்குகளை ஊராருக்கே விற்றார்கள். பிறகு 1935, 1950, 1997, 2011, 2021 ஆண்டுகளிலும் பங்கு விற்பனை நடந்தது. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். ஊரின் மக்கள்தொகையோ சுமார் ஒரு லட்சம்தான்.

வணிகவியல் படித்தவர்கள் இந்தப் பங்குப் பத்திரத்தைப் பார்த்தால் திகைத்துப் போவார்கள். இதற்கு லாபப் பங்கு கிடையாது. விலை ஏறாது. சந்தையில் விற்க முடியாது, குடும்பத்தாருக்கு மாற்றிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அணியையே என்றாவது விற்றாலும் அந்தப் பணம் அறக்கட்டளைக்குப் போகும், பங்குதாரர் கைக்கு வராது. கிடைப்பது ஒரு வாக்குரிமையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்கார ஓர் இடமும். அப்படியும் 2021ல் 300 டாலர் கொடுத்து வாங்கினார்கள். வாங்கியதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

லீக்கில் மற்ற அணிகளுக்கெல்லாம் முதலாளிகள் உண்டு. முதலாளி இருந்தால் யாருக்கு மரியாதை என்பதை அவரே முடிவு செய்துவிடுவார். ஊரே முதலாளி என்றால் அது ஊர் விவகாரம் ஆகிவிடுகிறது. மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டி, பொதுக்குழுவில் குரல் கொடுக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினம் அல்ல.

கூடம் வந்த வழி

லாம்போ பயிற்சியாளராக இருந்து 6 சாம்பியன் பட்டங்கள் வாங்கித் தந்தார். அதன்பின் பல ஆண்டுகள் வறட்சி. 1959ல் வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்து 7 ஆண்டுகளில் 5 பட்டங்கள் வென்றார். இன்று சூப்பர் பௌல் வெற்றிக் கோப்பைக்கே அவர் பெயர்தான்.

அந்தப் பொற்காலத்தின் முடிவில், 1967ல், உள்ளூர் உணவக உரிமையாளர் வில்லியம் பிரால்ட் எடுத்த முயற்சியால் அணியின் நினைவுப் பொருட்கள் ஓர் அரங்கத்தின் நடைபாதையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பேக்கர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ்க்கூடத்தின் தொடக்கம் அதுதான். 1976ல் அதற்குத் தனிக் கட்டடம் வந்தது. திறந்து வைத்தவர் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு. 2003ல் லாம்போ ஃபீல்டு மைதான வளாகத்துக்கே கூடம் மாறியது. அமெரிக்க ஃபுட்பாலில் ஒரே ஒரு அணிக்கென எழுந்த முதல் புகழ்க்கூடம் இது. அணி நிர்வாகத்திலிருந்து தனியான, லாப நோக்கமற்ற அமைப்பாக நடக்கிறது. 160க்கும் மேற்பட்டோர் இதில் இடம் பெற்றிருக்கிறார்கள்.

இது தவிர, ஒஹையோ மாநிலம் கேன்டனில் 1963 முதல் நாட்டுக்கே பொதுவான புகழ்க்கூடம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள். ஊர்க் கூடத்தில் எவருக்கு இடம், அவரில் எவர் கேன்டனுக்கும் போகத் தகுதியானவர் என்று ரசிகர்களின் வாதம் இரண்டு தளத்தில் நடக்கிறது. அதில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளைப் பார்ப்போம்.

கணக்கில் வராத உழைப்பு

1967 டிசம்பர் 31. கிரீன் பேயில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியோடு இறுதிப் போட்டி. குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். ஆட்டம் முடிய 16 விநாடி இருக்கும்போது பேக்கர்ஸ் 3 புள்ளி பின்தங்கியிருந்தது. கோட்டைத் தாண்ட ஓரடி, இரண்டடிதான் பாக்கி. பார்ட் ஸ்டார் பந்தை அணைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். 21க்கு 17 என்று வெற்றி.

ஸ்டார் பாய்வதற்கு வழி எப்படிக் கிடைத்தது? எதிரணியின் ஜெத்ரோ பியூவைத் தள்ளி இடைவெளி உண்டாக்கியவர் ஜெர்ரி கிரேமர். முன்வரிசையில் நின்று எதிரியைத் தடுப்பதுதான் அவர் வேலை. அந்த வேலைக்குப் புள்ளிவிவரம் கிடையாது. பந்தைத் தொடுவதே அபூர்வம். அவர் ஒழுங்காக வேலை செய்தால் வேறொருவர் பெயர் பேப்பரில் வரும். கோளாறு செய்தால் மட்டும் அவர் பெயர் வரும். காசாளர் கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

கிரீன் பே 1975லேயே கிரேமருக்கு இடம் தந்தது. கேன்டனோ பல முறை இறுதிப் பட்டியல் வரை கொண்டுவந்துவிட்டுக் கைவிட்டது. லொம்பார்டி காலத்து ஆட்கள் ஏற்கெனவே நிறையப் பேர் உள்ளே இருக்கிறார்கள், இன்னும் எத்தனை பேர் என்பது ஒரு வாதம். லீக்கின் 50 ஆண்டுச் சிறந்த அணி என்று 1969ல் அறிவித்த பட்டியலில் இருந்தவரே வெளியே நிற்பதா என்பது எதிர்வாதம். ரசிகர்கள் கடிதம் எழுதி எழுதி ஓய்ந்தார்கள். அவர் மகள் பிரசாரமே நடத்தினார். 2018ல், 82 வயதில், கதவு திறந்தது.

அதே தடுப்பில் கிரேமருக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தவர் கென் போமன். உண்மையில் வழி திறந்ததில் யார் பங்கு பெரிது என்ற சர்ச்சை இன்றும் உண்டு. கூட்டாகச் செய்த வேலைக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடப் போனால் இப்படித்தான் ஆகும்.

தோற்ற அணியின் நல்ல ஆட்டக்காரர்

சிறு வயதில் ஒரு கண்ணை இழந்தவர் பாபி தில்லன். 1952 முதல் 1959 வரை 8 பருவங்கள் ஆடி, எதிரணி எறிந்த பந்தை 52 முறை இடையில் பறித்தார். அப்போது ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்கள்தான். அந்த 52 இன்றும் பேக்கர்ஸின் சாதனை. ஆனால் அவர் ஆடியது அணியின் வறட்சிக் காலத்தில். லொம்பார்டி வந்த முதல் ஆண்டோடு ஓய்வு பெற்றார், பட்டம் எதையும் பார்க்கவில்லை. கிரீன் பே 1974ல் கௌரவித்தது. கேன்டன் 2020ல் தேர்ந்தெடுத்தது. தில்லன் 2019 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார்.

ஸ்டெர்லிங் ஷார்ப் கதை வேறு. 1988 முதல் 1994 வரை 7 பருவங்கள். 1992ல் ஒரே பருவத்தில் 108 பந்துகள் பிடித்துச் சாதனை, அடுத்த ஆண்டு 112 பிடித்துத் தன் சாதனையைத் தானே முறியடித்தார். கழுத்துக் காயத்தால் 1994 பருவத்தோடு ஆட்டம் முடிந்தது. இரண்டே ஆண்டில் அணி சூப்பர் பௌல் வென்றபோது அவர் களத்தில் இல்லை. 1998 ஜனவரியில் பேக்கர்ஸைத் தோற்கடித்த டென்வர் அணியில் அவர் தம்பி ஷானன் இருந்தார். ஷானன் தன் முதல் வெற்றி மோதிரத்தை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். ஆடும் காலத்தில் ஷார்ப் பத்திரிகையாளர்களோடு பேசுவதில்லை. வாக்களிப்பவர்களோ பத்திரிகையாளர்கள். கிரீன் பே 2002ல் தந்த இடத்தைக் கேன்டன் 2025ல்தான் தந்தது.

கிரேமருக்கு 43 ஆண்டு, தில்லனுக்கு 46, ஷார்ப்புக்கு 23. ஊர் ஒப்புக்கொண்டதை நாடு ஒப்புக்கொள்ள ஆன காலம் இது. கூடவே இருந்து பார்த்தவர்களுக்கும் தூரத்திலிருந்து கோப்பைப் புரட்டியவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நடத்தையும் விசுவாசமும்

திறமையில் தகராறு இல்லாத ஆட்களைப் பற்றித்தான் சூடான வாதம். பால் ஹார்னங் 1960ல் ஒரே பருவத்தில் 176 புள்ளி எடுத்தார். 46 ஆண்டுகள் அதை எவராலும் தாண்ட முடியவில்லை. ஆட்டங்களின் மீது பந்தயம் கட்டியதற்காக 1963 பருவம் முழுவதும் லீக் அவரை இடைநீக்கம் செய்தது. 1961லும் 1962லும் பட்டம் வென்ற பேக்கர்ஸ் அந்த ஆண்டு தன் பிரிவில் இரண்டாம் இடத்தில் நின்றது. அவர் இருந்திருந்தால் என்ற பெருமூச்சு பழைய ரசிகர்களிடம் உண்டு. அப்படியும் 1975ல் ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது.

பிரெட் ஃபார்வ் 1992 முதல் பேக்கர்ஸுக்காகத் தொடர்ந்து 253 ஆட்டங்களில் ஓர் ஆட்டம்கூட விடாமல் களம் இறங்கினார். 2008 மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். பிறகு மனம் மாறினார். அணி அதற்குள் ஆரன் ராஜர்ஸை நம்பத் தொடங்கிவிட்டது. ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸ் போனார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 2009ல் பரம எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸில் சேர்ந்து, அந்தப் பருவத்தில் பேக்கர்ஸை இரண்டு முறை தோற்கடித்தார். 16 ஆண்டு கைதட்டிய மைதானமே அவரைக் கூச்சலிட்டு விரட்டியது.

அவரை எப்போது கூடத்தில் சேர்ப்பது, வந்தால் கூட்டம் மறுபடி கூச்சலிடுமோ என்று நிர்வாகமே தயங்கியது. 2015 ஜூலை 18 அன்று விழா நடந்தது. அரங்கில் இடம் கிடைக்காத சுமார் 67,000 பேர் மைதானத்தில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்தார்கள். கூச்சல் இல்லை, ஆரவாரம்தான். பின்னாளில் மிசிசிப்பி மாநிலம் நலநிதிப் பணம் தொடர்பாக அவர்மீதும் சிவில் வழக்குத் தொடுத்தபோது வாதம் மீண்டும் கிளம்பியது. குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். குற்ற வழக்கு ஏதும் அவர்மீது இல்லை.

விட்டுப் போனவர்களுக்கு இடம் இல்லை என்றால் லாம்போவுக்கே இடம் இருக்காது. அவர் நிர்வாகத்தோடு பிணங்கி, 1950ல் சிகாகோ அணிக்குப் போனவர். 1965ல் அவர் இறந்ததும் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். லொம்பார்டியும் 1969ல் வாஷிங்டன் போனவர்தான்.

என் கருத்து

கணக்குப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. பதிவு செய்த வரவை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. பின்னால் ஏதாவது வந்தால் அதற்குத் தனியாகப் பதிவு போட வேண்டும். இரண்டும் புத்தகத்தில் இருக்கும், படிப்பவர் கூட்டிக் கழித்துக்கொள்வார். ஓர் அணியின் புகழ்க்கூடமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அணிக்கு, அந்த ஊருக்கு அவர் செய்தது என்ன என்பது முதல் பதிவு. ஹார்னங்கின் இடைநீக்கத்தையும் ஃபார்வின் வெளியேற்றத்தையும் மறைக்கவும் வேண்டாம், அவற்றுக்காக முதல் பதிவைக் கிழிக்கவும் வேண்டாம். எல்லாரும் இதை ஏற்க மாட்டார்கள் என்பது தெரியும். கௌரவம் என்பது கணக்கு அல்ல, குழந்தைகளுக்கு நாம் காட்டும் முன்மாதிரி என்பவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது ஃபார்வ் போன்றோர் அல்ல. அவர்களை யாரும் மறக்கப்போவதில்லை. லாவி தில்வெக், வெர்ன் லெவலன் என்ற இருவரைச் சொல்லுங்கள். 1929, 1930, 1931 மூன்று ஆண்டும் தொடர்ந்து பட்டம் வென்ற அணியின் தூண்கள். லீக் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எடுக்கத் தொடங்கியதே 1932ல்தான். அதனால் அவர்களுடைய நல்ல காலத்துக்கு முறையான கணக்கு இல்லை. அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்களும் இப்போது இல்லை. தில்வெக் பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். கேன்டனில் இருவருக்கும் இன்னும் இடம் இல்லை. கிரீன் பே மட்டும் 1970லேயே இருவர் பெயரையும் எழுதி வைத்துவிட்டது. நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருந்தபோதே எழுதியதால்தான் அந்தப் பெயர்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

அடுத்த சர்ச்சை தயாராக இருக்கிறது. ஃபார்வின் இடத்துக்கு வந்த ஆரன் ராஜர்ஸ் 4 முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கி, 2011ல் சூப்பர் பௌலும் வென்று தந்து, 2023ல் அதே நியூயார்க் ஜெட்ஸுக்கே போனார். அவர் முறை வரும்போது ஊர் மறுபடி இரண்டாகப் பிரிந்து வாதாடும்.

அமெரிக்கா போகும் நம் குடியிருப்போர் மில்வாக்கி பக்கம் போனால், அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான் கிரீன் பே. மைதானத்தோடு சேர்ந்தே கூடம் இருக்கிறது. ஆட்டம் புரியாவிட்டாலும் போய்ப் பார்க்கலாம். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் கனமான கோட் அவசியம்.